நாம் யாருக்கு அமெரிக்கா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன விடுமுறையில் ஜேர்மனியிலிருந்து ஒரு குடும்பம் கதிரவெளிக்கு வந்திருந்தது. அவர்களுடைய மகனுக்குப் பதினாறு வயதிருக்கும். கறுப்பு ரீசேட் போட்டுக்கொண்டு கடற்கரையில் நின்றான். நாம் படிப்பிக்கும் தரம் பத்துப் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எம்மைக் கண்டதும் ஒருவன் ஓடி வந்தான். "சேர், இதக் கொஞ்சம் கேளுங்க. அமெரிக்காவப் புகழ்ந்து பாடுறாங்க. செம பாட்டு!"

கேட்டோம். மாரி மழைக்கு முன் முழங்கும் இடிபோல கிட்டார்கள். அதற்கு மேலே ஒரு கரகரத்த ஆண் குரல். பாதி ஜேர்மன், பாதி ஆங்கிலம். அமெரிக்கா என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. பிள்ளைகள் தலையை ஆட்டி ஆட்டி ஆடினார்கள்.

ஜேர்மன் பையன் சிரித்தான். "இது புகழ்ச்சி இல்ல அங்கிள், பகிடி" என்றான். அவன் சொன்னது சரி. அந்தப் பகிடியின் வரலாற்றைத் தேடிப் போன நாம், கடைசியில் எங்கட ஊருக்கே திரும்பி வந்து நின்றோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தொடங்குமுன் ஒரு விடயம். இசை கூடுமா கூடாதா என்ற மார்க்கச் சட்டத்துக்குள் இந்தப் பதிவு போகவில்லை. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் வரலாறு படிப்பிக்கிறவர்கள். நடந்ததைச் சொல்கிறோம்.

பாட்டின் கதை

அந்தக் குழுவின் பெயர் ராம்ஸ்டைன். 1994இல் பேர்லினில் தொடங்கியது. பாட்டின் பெயர் 'அமெரிக்கா'. 2004இல் வெளிவந்தது. குழுவிலுள்ள ஆறு பேரும் பழைய கிழக்கு ஜேர்மனியில் வளர்ந்தவர்கள். அதாவது சோவியத் பக்கம் இருந்த, அமெரிக்கச் சாமான்கள் இலகுவில் கிடைக்காத ஒரு நாட்டில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள். 1989இல் பேர்லின் சுவர் விழுந்தது. ஒரு சில மாதங்களுக்குள் கடை, விளம்பரம், படம், பாட்டு எல்லாம் மாறின. அந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டவர்கள் எழுதிய பாட்டு அது.

எங்கட ஆட்களுக்கும் கிழக்கு பேர்லினுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1980களில் இங்கிருந்து அகதியாகப் போன தமிழர்களில் பலர் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பேர்லினுக்குப் போனவர்கள். சுவரின் அந்தப் பக்கத்தில் இந்தப் பாட்டுக்காரர்கள் வாலிபர்களாக இருந்த அதே காலத்தில், அந்தப் பக்கமாகத்தான் எங்கட பிள்ளைகளும் பயணப் பையோடு நடந்திருக்கிறார்கள். கடற்கரையில் நின்ற அந்தப் பையன் போன்றவர்களின் குடும்பக் கதைகள் பல அங்கேதான் தொடங்குகின்றன.

குழுவின் பெயரிலும் ஒரு கதை உண்டு. ராம்ஸ்டைன் என்பது ஜேர்மனியின் மேற்கே அமெரிக்க விமானப்படைத் தளம் உள்ள ஊர். 1988 ஆகஸ்ட் 28இல் அங்கே நடந்த விமான சாகசக் காட்சியில் விமானங்கள் மோதி எழுபது பேர் இறந்தார்கள். அந்த ஊரின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டித் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆக, அமெரிக்காவைக் கேலி செய்யும் குழுவின் பெயரிலேயே ஓர் அமெரிக்கத் தளம் இருக்கிறது.

இனிப் பாட்டின் காணொளி. அதில் பாட்டுக்காரர்கள் விண்வெளி உடுப்பில் சந்திரனில் நிற்கிறார்கள். கடைசியில் பார்த்தால் அது சந்திரனும் இல்லை, படப்பிடிப்புக்குப் போட்ட செட். இடையிடையே உலகத்தின் பல மூலைகளைக் காட்டுகிறார்கள். ஆபிரிக்காவில் பீட்சா சாப்பிடுகிறார்கள். பௌத்த பிக்குகள் பேகர் சாப்பிடுகிறார்கள். இந்தியர் ஒருவர் நத்தார்த் தாத்தா வேடம் போட்டிருக்கிறார். இன்னொரு காட்சியில் ஒரு முஸ்லிம் தொழுகைக்குத் தயாராகிறார். முசல்லாவில் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றுகிறார். அது அமெரிக்கக் கொம்பனியின் சப்பாத்து. அவருக்குப் பின்னால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை.

பிக்குகளைக் காட்டியபோது எங்கட பிள்ளைகள் சிரித்தார்கள். நத்தார்த் தாத்தாவுக்கும் சிரித்தார்கள். முசல்லா காட்சி வந்ததும் முஸ்லிம் பிள்ளைகள் இருவர் சிரிப்பை நிறுத்தினார்கள். எமக்கும் சிரிப்பு வரவில்லை. நாம் குனிந்து எமது காலைப் பார்த்தோம்.

அந்தப் பாட்டின் பலம் இதில்தான் இருக்கிறது. பல்லவியில் அவர்கள் 'நீங்கள்' என்று உலகத்தைப் பார்த்துக் கைநீட்டவில்லை. 'நாம்' என்று பாடுகிறார்கள். கேலி செய்கிறவனும் கேலிக்குள்ளே நிற்கிறான். அவர்கள் கையிலிருக்கும் மின்கிட்டாரும் றொக் இசையும் எங்கிருந்து வந்தவை? அமெரிக்காவிலிருந்துதான். பாட்டில் ஆங்கிலத்தையும் கலந்தார்கள். அது ஜேர்மனிக்கு வெளியேயும் ஓடியது. 2010 டிசம்பரில் இதே குழு நியூயோர்க் நகரின் பிரபல மெடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் பாடியது. தங்களைக் கேலி செய்தவர்களை அமெரிக்கர்களே காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

வாவிக்கரையின் பழைய பகிடி

இது ஜேர்மன்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். வந்தவனின் தாளத்தை எடுத்து அதிலேயே ஊரைக் கிண்டல் செய்யும் வேலை எங்கட மாவட்டத்துக்கும் நாட்டுக்கும் மிகப் பழசு.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறினாலும் போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் இங்கேயே தங்கினார்கள். அவர்களைத்தான் நாம் பறங்கியர் என்கிறோம். மட்டக்களப்பு நகரத்தில் தச்சு வேலை, இரும்பு வேலை, தையல் என்று கைத்தொழில் செய்து வாழ்ந்தார்கள். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல், வெளியில் தமிழ். 2004 டிசம்பர் 26 சுனாமி அவர்கள் வாழ்ந்த டச்பார் பகுதியை அடித்துக்கொண்டு போனது. இன்று அந்த மொழியைப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

அவர்களுடைய கலியாண வீடுகளில் வயலினோடு ஆடிய ஆட்டம் கபிரிஞ்ஞா. அந்தப் பெயருக்குள் இன்னொரு சமூகமும் இருக்கிறது. போர்த்துக்கேயரும் பின்னால் வந்தவர்களும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களை இங்கே கபிரிகள் என்றார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் பக்கம் சிரம்பியடியில் வாழ்கிறார்கள். ஆக, ஆட்டத்தில் ஐரோப்பாவும் இருக்கிறது, ஆபிரிக்காவும் இருக்கிறது. இந்தக் கலவையிலிருந்துதான் பைலா வந்தது. 'பைலா' என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியில் ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

பைலாவைச் சிங்களத்தில் நாடறியச் செய்தவர் வொலி பஸ்தியன்ஸ். அவர் ஒரு பொலிஸ்காரர். அந்தக் காலத்து மேல்தட்டு ரசிகர்கள் பைலாவை மட்டமான இசை என்று முகம் சுளித்தார்கள். ஆனால் சந்தை, சாராயம், சம்பளம், காதல், மாமியார் என்று ஊரில் உள்ள எல்லாவற்றையும் பகிடி பண்ணுவதற்கு அதைவிட நல்ல தாளம் கிடைக்கவில்லை. இரண்டு பாட்டுக்காரர்கள் மேடையேறி, நின்ற நிலையிலேயே பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்குவதற்கு 'வாத பைலா' என்று பெயர். கேட்கும்போது எங்கட ஆட்களுக்குக் கொம்புமுறி ஞாபகம் வரும். வடசேரியும் தென்சேரியும் கொம்பு இழுக்கும்போது ஒரு கட்சி மறுகட்சிக்கு வசை பாடுவது மட்டக்களப்பின் பழைய வழக்கம். பழைய வழக்கம் இங்கே இருந்தது. புதுத் தாளம் கடலால் வந்தது.

பிறகு தமிழ் பொப் பாடல்கள் வந்தன. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் பைலாச் சந்தத்தில் பேச்சுத் தமிழை வைத்துப் பாடினார். 'சின்ன மாமியே' தெரியாத வீடு அந்தக் காலத்தில் இல்லை. 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இன்னொன்று. குடித்துவிட்டு ஆடும் தாளத்தில் குடிக்காதே என்று புத்தி சொன்ன பாட்டு அது! ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைப் பாடினார். சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. அந்த மெட்டு 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படம் வழியாகத் தமிழ்நாட்டுக்கும் போனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் கிளம்பி, ஆபிரிக்கரின் உடம்பில் ஏறி, இலங்கைக் கரையில் இறங்கி, சிங்களத்துக்குப் போய், தமிழுக்கு வந்து, பாக்கு நீரிணையைத் தாண்டியது ஒரு தாளம். முன்னூறு வருடத்துக்கு மேற்பட்ட பயணம். எந்தக் கொம்பனியும் அதற்கு விளம்பரம் போடவில்லை. போன ஊரிலெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சொல்லையும் தங்கள் பகிடியையும் அதற்குள் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த ஒன்று எங்களுடையதாக மாறுவது இப்படித்தான்.

அதே வித்தை 2015இல் இன்னும் கூர்மையாக வேலை செய்தது. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் யுனிலீவர் நடத்திய வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவைப் பழைய இரும்புக் கடையில் தள்ளியது தெரியவந்து 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் இழப்பீடு கேட்டு வருடக்கணக்கில் அலைந்தார்கள். சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்ற பாடகி, அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் உலகப் புகழ்பெற்ற பாட்டின் மெட்டை எடுத்து, அந்தக் கொம்பனியைக் கிண்டல் செய்து ராப் பாடினார். அவர் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. காணொளி நாடு கடந்து ஓடியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் விடயத்தில் கொம்பனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டினால் மட்டும் அது நடந்தது என்று சொல்லமாட்டோம். தொழிலாளர்கள் பதினைந்து வருடம் போராடினார்கள். ஆனால் உலகச் சந்தையின் மெட்டிலேயே உலகச் சந்தையைக் கேள்வி கேட்டதால் அந்தப் போராட்டம் உலகத்தின் காதில் விழுந்தது.

எங்கட வீட்டுக்குள்

இதுவரை வாசித்து, 'அடி அமெரிக்காவுக்கு' என்று சந்தோஷப்பட்டவர்கள் இனிக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1977இல் நாட்டில் திறந்த பொருளாதாரம் வந்தது. 1982இல் ரூபவாஹினி வந்தது. அதே காலத்தில் எங்கட ஆட்கள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். ஊருக்குத் திரும்பும்போது கையில் ரேடியோ கசட் செட் இருந்தது. ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்த வீட்டுக்கு முன்னால் சனம் கூடியதை எங்கட வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கசட்டோடு உடுப்பும் வந்தது, வாசனைத் திரவியமும் வந்தது, பேச்சும் வந்தது. எங்கட உம்மாமார் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டவர்கள். எங்கட பிள்ளைகள் வேறு விதமாக உடுக்கிறார்கள். அது சரியா பிழையா என்று இங்கே வாதாட வரவில்லை. அவரவர் ஈமானும் விருப்பமும். நாம் கேட்பது ஒன்றைத்தான். பொல்லடியும் றபானும் பக்கீர் பைத்தும் வயலில் பெண்கள் பாடிய கவியும் எப்போது, யார் சொல்லி, எங்கட வீடுகளை விட்டுப் போயின? கவி கட்டத் தெரிந்த மூத்தம்மாமாரை ஒருவரும் தடுக்கவில்லை. கேட்பதற்கு ஆளில்லாததால் வாயை மூடிக்கொண்டார்கள்.

தமிழ் உறவுகளும் சிரிக்க வேண்டாம். வசந்தன் கூத்து ஆடிய ஊர்களில் இன்று கோயில் திருவிழாவில் எந்தப் படப் பாட்டுப் போகிறது? கலியாண வீட்டில் கேக் வெட்டுவதும், அதற்கு முதல் கடற்கரையில் படம் பிடிப்பதும் எந்தச் சாத்திரத்தில் இருக்கின்றன? நாம் இரு பகுதியினரும் ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்தான். ஒருவன் கொப்பியைப் பார்த்து மற்றவன் சிரிக்கிறான். இருவரும் எழுதியிருப்பது ஒரே விடை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும். எல்லாம் ரீவியாலும் சந்தையாலும் அழியவில்லை. யுத்தமும் அழித்தது. 2006 நவம்பர் 8இல் இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. தறப்பாளுக்குக் கீழே பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்த தாயிடம் போய், 'பழைய பாட்டை ஏன் மறந்தாய்' என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

நாமும் அமெரிக்காவாக இருந்தோம்

இனித்தான் இந்தப் பதிவின் கஷ்டமான பகுதி.

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியால் பஸ்ஸில் போனால் வாகரை, பால்சேனை, கதிரவெளி, வெருகல் என்று ஊர்கள் வரும். இந்தக் கரையில் வேடர்கள் வாழ்ந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வாழ்ந்தார்கள் என்பதுகூடப் பிழை. இன்றும் வாழ்கிறார்கள். ஆங்கிலேய ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதி 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய புத்தகத்தில் கடலோர வேடர் என்று இவர்களைத் தனியாக எழுதினார்கள். அப்போதே இவர்கள் தமிழ்தான் பேசினார்கள். மீன்பிடித்தார்கள். கப்பலில் வந்த ஆவிகளுக்கு இவர்கள் சடங்கு செய்வதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

கப்பலில் வந்த ஆவிகள்! அதை வாசித்த இரவு எமக்கு நித்திரை வரவில்லை. கடலால் புதிது புதிதாக வந்து இறங்கியவர்களை அந்த மக்கள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வந்தவர்களைத் துரத்த முடியவில்லை. சடங்குக்குள் ஓர் இடம் கொடுத்தார்கள்.

அவர்களுடைய பழைய மொழி எங்கே? அதை எந்த அமெரிக்கனும் கொண்டுபோகவில்லை. எந்தப் பேகர் கடையும் தின்னவில்லை. அவர்களைச் சுற்றி இருந்தது நாம். தமிழ் பேசும் நாம். தமிழர்களும் முஸ்லிம்களும். சந்தை எங்களுடையது, பாடசாலை எங்களுடையது, பாடப் புத்தகம் எங்களுடையது. பாடசாலைக்கு வந்த பிள்ளை தமிழில் படித்தது. சடங்கு சொல்லும் கிழவர் தமிழில் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக எங்களைப்போல ஆனார்கள். அதை நாம் முன்னேற்றம் என்றோம். யாரையாவது ஏச வேண்டுமென்றால் 'வேடன்' என்ற சொல்லை எடுத்தோம். அதனால் பிள்ளைகள் தங்கள் வம்சத்தைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள்.

ஒரு தடவை கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சடங்குப் பாட்டைப் பற்றிக் கேட்டோம். "பாடுவம் சேர். ஆனா சில சொல்லு எங்களுக்கே விளங்காது. விளங்காட்டியும் விடுறதில்ல" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்: "உங்கட பிள்ளைகள் இதக் கேட்டுச் சிரிக்க மாட்டாங்களா?"

அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை.

ஜேர்மன்காரனின் பாட்டில் அந்த 'நாம்' என்ற சொல் ஏன் அவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பெரியது சிறியதை விழுங்குவது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய குணமில்லை. கொழும்புக்கு முன்னால் நாம் சிறியவர்கள். சென்னையின் சினிமாவுக்கு முன்னால் சிறியவர்கள். அரபு நாட்டுக் காசுக்கு முன்னால் சிறியவர்கள். பால்சேனையின் ஒரு வேடக் கிழவருக்கு முன்னால் நாம் அமெரிக்கா. எம்மை யாரோ விழுங்குகிறார்கள் என்று முறைப்பாடு செய்யும் உரிமை நமக்கு உண்டு. எமது வாயையும் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டு முறைப்பாடு செய்வோம்.

அப்போ என்ன செய்வது?

கதவைப் பூட்டச் சொல்லவில்லை. பூட்டியிருந்தால் பைலாவும் வந்திருக்காது, 'சின்ன மாமி'யும் வந்திருக்க மாட்டாள். வருவது வரட்டும். பிள்ளைகள் ராம்ஸ்டைனும் கேட்கட்டும், கொரியாப் பாட்டும் கேட்கட்டும். கேட்பது பிழையில்லை. கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியாமல் போவதுதான் பிழை. திருப்பிச் சொல்ல எங்களிடம் ஒரு பாட்டு இருக்க வேண்டும். பகிடி பண்ணவாவது ஒரு மெட்டு இருக்க வேண்டும்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் தரம் பத்துக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் போய் ஒரு பழைய பாட்டைப் போனில் பதிவு செய்து வர வேண்டும். கவி, தாலாட்டு, கும்மி, அம்பாப் பாட்டு, சடங்குப் பாட்டு எதுவானாலும் சரி. அந்த மெட்டில் இந்தக் காலத்தைப் பற்றி நாலு வரி சொந்தமாகக் கட்ட வேண்டும். முதல் கிழமை மூன்று பேர்தான் கொண்டுவந்தார்கள். அடுத்த கிழமை பதினொரு பேர்.

ஒரு பிள்ளை தன் மூத்தம்மாவின் கவி மெட்டில், கூட்டத்தில் இருந்துகொண்டு மேசைக்குக் கீழே போன் பார்க்கும் ஒரு வரலாற்று ஆசிரியரைப் பற்றிப் பாடினாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நாமும் சிரித்தோம். போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டோம்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். எப்போதும் பேசாத பிள்ளை. "எங்கட அப்பாச்சிர சடங்குப் பாட்டு சேர். சில சொல்லுக்குக் கருத்துத் தெரியாது. பாடலாமா?" என்று கேட்டான்.

பாடினான். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருப்பார். இந்த வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து, போனை எடுத்து, பாடச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு என்று வைத்துவிடாதீர்கள்.